அம்பு அண்ணாச்சி பாஸ் செய்த ஒரே பொருள்

குறையே இல்லாத பொருள் இந்த உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது என்று நிரூபிப்பதற்காகவே அம்பு அண்ணாச்சி பிறவி எடுத்திருந்தார். கடவுளே ஒரு வானவில்லைத் தயாரித்துத் திருப்பூர் முதலிபாளையத்துக்கு அனுப்பியிருந்தாலும், மஞ்சளில் ஷேடு சரியில்லை என்று ஒரு சிவப்பு அம்பை ஒட்டிக் கையோடு திருப்பி அனுப்பியிருப்பார்.

அம்பு என்றால் வில்லில் வைக்கும் அம்பு இல்லை. பனியன் கம்பெனிகளில் செக்கிங் மேஜை என்று ஒன்று உண்டு. டியூப்லைட் வெளிச்சத்தில் ஒவ்வொரு பீஸாகப் புரட்டிப் பார்ப்பார்கள். தையல் பிசகு, எண்ணெய்க் கறை, சிறு ஓட்டை என்று எது தென்பட்டாலும், நகத்தளவு சிவப்புக் காகித அம்பு ஒன்றை அதைக் காட்டும்படி ஒட்டிவிடுவார்கள். பிறகு அந்தப் பீஸ் மென்டிங்குக்கு, அதாவது சரிசெய்கிற ஆளிடம் போகும். அண்ணாச்சி ஃபைனல் செக்கிங். நான் கணக்கு எழுதிய கம்பெனிக்கு அடுத்த கட்டடத்தில் அவருக்கு வேலை. எங்கள் தெருக்கோடியில் ஓர் அறையில் தனியாகக் குடியிருந்தார். குடும்பம் நாங்குநேரிப் பக்கம். அவருடைய சொந்தப் பெயர் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அவர் என்னை அண்ணாச்சி என்பார், நானும் அவரை அண்ணாச்சி என்பேன். யாருக்கு யார் அண்ணன் என்பது கடைசிவரை தீர்மானமாகவில்லை.

சட்டைப் பையில் அம்புச் சுருள் ஒன்றை எப்போதும் வைத்திருப்பார். கம்பெனியைவிட்டு வெளியே வந்தாலும் கை சும்மா இருக்காது. டீக்கடை வடையில் ஓட்டை நடுவில் இல்லாவிட்டால் வடையில் அம்பு. கல்யாண மண்டபத்து வாசல் பேனரில் மாப்பிள்ளையின் வலது மீசை இடதைவிடச் சிறிதாக இருந்தால் மீசைக்கு நேராக அம்பு. ஒரு நாள் நான் அவரோடு டீ குடித்துவிட்டு வங்கிக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் என் முகத்தைப் பார்க்காமல் கழுத்தையே பார்த்துப் பேசினாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் என் மனைவி ருக்மணி சொன்னாள்.

“ஏனுங்க, காலர்ல என்னமோ செவப்பா ஒட்டியிருக்குதுங்களே.”

இடது காலர் முனை வலதைவிட நூலளவு நீளமாம். வரிசையில் எனக்கு முன்னால் ஆறு பேர், பின்னால் ஒன்பது பேர். அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். மறுநாள் அவரைப் பிடித்தேன்.

“வாயில சொல்லியிருக்கலாமில்லீங்களா?”

“சொன்னா மறந்துருவீய அண்ணாச்சி. ஒட்டினா மறக்க மாட்டீயல்லா.”

உண்மைதான். இன்றுவரை மறக்கவில்லை.

இப்படிப்பட்ட மனிதரின் கையில் நானாகப் போய் ஒரு காரைக் கொடுத்தேன் என்றால், அதற்குக் காரணம் ருக்மணியின் அண்ணன், கொமரலிங்கத்து மச்சான்.

அந்தக் கார் என் மாமனாருடையது. ஐம்பதுகளில் கப்பலில் வந்து இறங்கியது. செய்த கம்பெனியின் பெயரைச் சொல்லி வம்பை விலைக்கு வாங்க எனக்கு விருப்பமில்லை. கறுப்பு நிறம், யானைக்குட்டி மாதிரி முதுகு. முன்னால் இருக்கும் துளையில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால் கிளம்பும். அதாவது, அதற்கு விருப்பம் இருந்தால். ருக்மணி கார் ஓட்டப் பழகியது அதில்தான். தாவணி போட்ட பெண் கார் ஓட்டுவதைப் பார்க்க அந்தக் காலத்தில் ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தவர்கள்கூட ஈரத்துண்டோடு கரையேறி வந்தார்களாம். எனக்கு ஓட்டத் தெரியாது. எங்கள் வீட்டில் கைப்பிடி சுற்றுவது நான், ஓட்டுவது அவள்.

மாமனார் போன பிறகு கார் மச்சான் வீட்டு மாட்டுக்கொட்டகையில் நின்றது. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம், ருக்மணி கேட்டாள் என்று லாரியில் ஏற்றித் திருப்பூருக்கு அனுப்பிவைத்தார். எட்டு மாதம் எங்கள் வீட்டு வாசலில் நின்றது. ஒரு முறைகூடக் கிளம்பவில்லை. அதற்குள் உடுமலை ரோட்டில் புதிதாக ஓட்டல் கட்டிக்கொண்டிருந்த ஒருவர் மச்சானைப் பார்த்து, பழைய காரை வாசலில் நிறுத்தி, முன்மூடியைக் கழற்றிவிட்டு, இன்ஜின் இருந்த இடத்தில் பூந்தொட்டி வைத்தால் அழகாக இருக்கும் என்று ஆசை காட்டிவிட்டார். மச்சான் போன் செய்தார்.

“மாப்ள, ஓடாத வண்டிய ஊட்டு முன்னால நிறுத்தி என்னுங்க பண்றீங்க? ஒண்ணு செய்யிலாம். இந்த வருசம் எங்கூருக் கோயில் நோம்பிக்கு வண்டி சொந்த ஓட்டத்துல எங்க வாசலுக்கு வரோணும். வந்துதுன்னா அது என்ற தங்கச்சிக்குத்தான். கட்டி இழுத்துட்டு வந்தீங்கன்னா நேரா ஓட்டல்காரனுக்கு.”

நான் ருக்மணியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமலே, “அப்பன் வண்டில குரோட்டன்ஸ் செடி வெச்சாங்கன்னா நான் இனி கொமரலிங்கத்துப் பக்கமே போக மாட்டனுங்க,” என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

பல்லடம் ரோட்டில் பேர்போன மெக்கானிக் ஒருவரை அழைத்துவந்தேன். அவர் முன்மூடியைத் திறந்து பார்த்தார். கோயிலில் செய்வது போலக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “ஏனுங்க சாமி, இதுக்கு பார்ட்ஸ் வேணும்னா மியூசியத்துலதானுங்க கேக்கோணும்,” என்று சொல்லிவிட்டு டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அதை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் அம்பு அண்ணாச்சி.

“காரும் ஒரு பீசுதானே அண்ணாச்சி? ஞாயித்துக்கிழமை வாரேன். செக் பண்ணிருவோம்.”

வந்தார். ஒரு முழுச் சுருள் அம்போடு வந்தார். காலையில் ஆரம்பித்து மதியச் சாப்பாட்டுக்குள் அறுபத்தொரு அம்புகளை ஒட்டி முடித்திருந்தார். காரைப் பார்த்தால் அம்மை போட்ட எருமை போல இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வேப்பிலை வேண்டுமா என்று கேட்டார்.

குறைகளில் தரம் பிரிப்பதும் செக்கிங்கின் வழக்கம். கிரிட்டிக்கல், மேஜர், மைனர் என்று மூன்று வகை. அண்ணாச்சி பிரித்ததைக் கேட்டு எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

“ஆஷ்ட்ரே மூடி இல்ல. இது மேஜர். முன் கண்ணாடி ரப்பர்ல வெடிப்பு. இது மேஜர். இன்ஜின் ஸ்டார்ட் ஆகல. இது மைனர்.”

“இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதது மைனருங்களா?”

“அது உள்ள கெடக்கு அண்ணாச்சி. வாங்குதவன் கண்ணுல படாதுல்லா? கண்ணுக்குத் தெரியிறதுதான் மேஜர். நெஞ்சுப் பக்கம் ஓட்டை இருந்தா மேஜர், அக்குள்ல இருந்தா மைனர். உலகம் பூரா அதான் ரூலு.”

“நாம இதை யாருக்கும் விக்கப் போறதில்லீங்க. கொமரலிங்கத்துக்கு ஓட்டிட்டுப் போகோணும்.”

“அதுக்குத்தான் அம்பு ஒட்டியிருக்கேன். இனி நீங்க சரி பண்ணுங்க.”

முதலில் எனக்குப் புரியவில்லை. ஸ்பேனரை அவர் கையில் கொடுத்தேன். நெருப்பைத் தொட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார்.

“நான் செக்கிங் அண்ணாச்சி. செக்கிங் கை மென்டிங்ல படக் கூடாது. தான் தச்சதைத் தானே பாஸ் பண்ணா, ஊருல ஒரு பனியன் உருப்படியா இருக்குமா?”

ஆக, குறையைக் காட்டுவது அவர் வேலை. காருக்கு அடியில் படுப்பது என் வேலை. வாழ்நாள் முழுவதும் பேனாவைத் தவிர வேறு கருவியைப் பிடிக்காத கை இது. அவர் மரநிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, ருக்மணி தந்த முறுக்கைத் தின்றபடி, “அம்பைப் பாத்து வேலை செய்ங்க, அம்பைப் பாத்து,” என்பார். நான் வெளியே தலையை நீட்டும்போதெல்லாம் தட்டில் ஒரு முறுக்கு குறைந்திருக்கும்.

ஒவ்வொரு ஞாயிறும் இப்படியே போயிற்று. பேட்டரி முனைகளில் பூஞ்சணம் பிடித்த ஊறுகாய் போல வெள்ளையாகப் பூத்திருந்தது. வெந்நீர் ஊற்றிப் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் பித்தளைத் துளை அடைத்திருந்தது. அண்ணாச்சி நிட்டிங் மெஷின் ஊசி ஒன்றை நீட்டினார். துளை பெரிதாகிவிடும் என்று நான் சைக்கிள் பம்பால் காற்றடித்தேன். ஹெட்லைட்டைப் போட்டால் வைப்பர் ஆடியது. இரண்டு ஒயர்கள் உறை உரிந்து ஒன்றோடொன்று குடித்தனம் நடத்தியதைப் பிரித்து வைத்தேன். ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடித்தது. அதற்கு மட்டும் அவர் அம்பு ஒட்டவில்லை.

“இது குறையில்ல அண்ணாச்சி. திரும்பும்போது ஹாரன் அடிக்கணும்னு சட்டமே இருக்கு. வண்டி உங்களுக்கு முந்தி அடிச்சிருது.”

பிறகு டிஸ்ட்ரிபியூட்டர். நான்கு பிளக்குகளுக்கும் மின்சாரத்தைப் பங்கு பிரித்துத் தருகிற மூடி போட்ட கிண்ணம் அது. அதற்குள் பாயின்ட் என்று இரண்டு சின்ன உலோகத் துண்டுகள் தொட்டுத் தொட்டு விலகும். தொட்டு விலகினால்தான் பொறி உண்டாகும். அவை கருகிக் குழி விழுந்திருந்தன. அண்ணாச்சி கிண்ணத்துக்குள்ளேயே ஓர் அம்பு ஒட்டியிருந்தார். நான் மெல்லிய உப்புக்காகிதத்தால் தேய்த்து, விசிட்டிங் கார்டு கனத்துக்கு இடைவெளி வைத்தேன். அவர் துணியில் நூல் எண்ணும் பூதக்கண்ணாடியை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்.

“பாஸ்.”

சமையலறையிலிருந்து ருக்மணி வெளியே வந்துவிட்டாள். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நாங்கள் கேட்டதே இல்லை. அண்ணாச்சி பால்பாயின்ட் பேனாவை எடுத்து, கிண்ணத்துக்குள் இருந்த அம்பின் மேல் ஒரு டிக் போட்டார்.

“உரிச்சுப்போடலாமில்லீங்களா?”

“பேக்கிங் வரைக்கும் அம்பு இருக்கணும். முழு பீசும் பாஸ் ஆனப்புறம் மொத்தமா உரிப்போம்.”

அந்த வருட நோம்பிக்குப் பத்து நாள் இருக்கும்போது கார் முதல்முறையாகக் கிளம்பியது. தெருவே கைதட்டியது. சோமனூர் வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று மூன்று பேரும் போனோம். போகப் போக வண்டி மூன்று காலில் நடக்கும் மாடு மாதிரி நொண்டியது. சோமனூருக்குள் நுழைந்ததும் இரண்டு பக்கமும் விசைத்தறிச் சத்தம். அந்தச் சத்தத்தில் இன்ஜின் நின்றுபோனதுகூட எங்களுக்குத் தெரியவில்லை. ருக்மணி சிறிது நேரம் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தாள். ஓரமாக நடந்துபோன ஒரு கிழவர் எங்களை முந்திக்கொண்டு போனபோதுதான் சந்தேகம் வந்தது.

பிளக்கில் கோளாறு என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. நான்கில் ஒன்று வேலை செய்யவில்லை.

“பிளக்கெல்லாம் நேத்துப் பாத்தீங்கல்லங்க?”

“பாத்தேனே. ஒண்ணு எடுத்துப் பாத்தேன். சுத்தமா இருந்துச்சு.”

“ஒண்ணா? நாலு இருக்குதுங்க.”

“நாலுல ஒண்ணு சாம்பிள் அண்ணாச்சி. சாம்பிள் ஓகேன்னா லாட் ஓகே. ஒரு லட்சம் பீசு வந்தா ஒரு லட்சத்தையுமா புரட்டிப் பாப்பாக? கப்பலு நிக்குமா?”

“இங்க கப்பல் எதுவும் இல்லீங்க. நாலே நாலு பிளக்கு.”

“ரூலு ரூலுதான். நம்பிக்கை வேணும் அண்ணாச்சி.”

சோமனூர் வெயிலில் நின்று, மீதி மூன்றையும் நானே கழற்றினேன். மூன்றாவதில் கரி அப்பியிருந்தது. டயர் நான்கிலும் அவர் ஒன்றுக்குத்தான் காற்றுப் பார்த்திருந்தார் என்பதும் அப்போது தெரிந்தது. அன்று இரவு ருக்மணியிடம் சொன்னேன்: இந்த மனிதரை இனி வாசலில் சேர்க்கக் கூடாது. அவள், “செரிங்க,” என்று சொல்லிவிட்டு, மறுநாள் முறுக்குக்கு மாவு அரைத்தாள்.

நோம்பி அன்று காலையில் புறப்பட்டோம். உச்சிக்குள் மச்சான் வீட்டு வாசலில் இருக்க வேண்டும். ருக்மணி ஸ்டியரிங்கில். பக்கத்தில் அண்ணாச்சி, சலவைச் சட்டை, பையில் அம்புச் சுருள். பின்சீட்டில் நான், மாவிளக்குத் தட்டு, தண்ணீர்க் கேன், ஒரு மூட்டை பனியன் வேஸ்ட். அறுபத்தொரு அம்புகளும் ஒட்டியது ஒட்டியபடி எங்களோடு வந்தன. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்ததன் மேல் மட்டும் டிக். மற்றவற்றின் மேல் ஒன்றுமில்லை. சரிசெய்த இடங்களில் இருப்பவற்றையாவது உரிக்கலாமா என்று கேட்டேன். பீஸ் இன்னும் பேக்கிங்குக்கு வரவில்லை என்றார்.

பல்லடம் தாண்டும்போதே மச்சான் போன் செய்தார். “எங்கீங்க மாப்ள வர்றீங்க? டிராக்டர வாசல்ல நிறுத்தி வெச்சிருக்கறனுங்க. கயிறுகூடப் புதுசு.”

குடிமங்கலத்துக்குப் பக்கத்தில், காற்றாலைகள் சுற்றும் இடத்தில், கார் இருமியது. இருமி இருமி, கடைசியில் பெருமூச்சு விட்டு நின்றது. இத்தனை ஞாயிறுகளில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. பெட்ரோல் வராவிட்டால் வண்டி இருமிக்கொண்டு நிற்கும். மின்சாரம் வராவிட்டால் விளக்கை அணைத்தது போல நிற்கும். இது பெட்ரோல். வெயிலில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டது. பனியன் வேஸ்ட்டைத் தண்ணீரில் நனைத்து பம்பின் மேல் சுற்றினேன். ஆறியதும் கிளம்பியது. அண்ணாச்சி அந்த ஈரத்துணியைத் தொட்டுப் பார்த்து, அது செகண்ட்ஸ், தரத்தில் கழிந்த பீஸ் என்று சொன்னார்.

உடுமலை தாண்டி, கொமரலிங்கம் ரோட்டில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தோம். இன்னும் நாலைந்து கிலோமீட்டர்தான். ருக்மணி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். பிரார்த்தனையாக இருக்கலாம், அண்ணனைத் திட்டியதாகவும் இருக்கலாம். அப்போது இருமலும் இல்லாமல் தும்மலும் இல்லாமல் இன்ஜின் சட்டென்று அணைந்தது. விளக்கை அணைத்தது போல.

“இது கரண்ட்டுங்க,” என்றேன்.

“இல்ல அண்ணாச்சி, பெட்ரோல்தான்.” அதற்குள் பம்பில் புதிதாக ஓர் அம்பு ஒட்டிவிட்டார். “கரண்ட் செக்ஷன் பாஸ் ஆயிருச்சுல்லா?”

பிளக் ஒயர் ஒன்றைக் கழற்றி இன்ஜின் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, ருக்மணியைக் கைப்பிடி சுற்றச் சொன்னேன். பொறி வரவில்லை. நான்கு ஒயரிலும் வரவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறக்கப் போனேன். அண்ணாச்சி குறுக்கே கையை வைத்தார்.

“பாஸ் ஆன பொருளைத் திருப்பித் திறக்கக் கூடாது. அப்புறம் டிக்குக்கு என்ன மரியாதை?”

அந்த நேரம் பார்த்து எதிரே மொபெட்டில் மாவிளக்குத் தட்டோடு போன ஒரு சொந்தக்காரர் எங்களைப் பார்த்துவிட்டார். “என்னுங்க, நின்னுபோச்சுங்களா?” என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு போனார். அடுத்த நிமிடம் என் போன் அடித்தது.

“மாப்ள, அங்கயே இருங்க. டிராக்டர் பொறப்பட்டாச்சு.”

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அண்ணாச்சி பம்பைப் பார்த்தார். ருக்மணி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள்.

“தம்பி, அக்கட்டால நகருங்க.”

அவள் அந்தத் தொனியில் பேசினால் மச்சானே நகர்ந்துவிடுவார். அண்ணாச்சி நகர்ந்தார். அவள் இரண்டு கிளிப்பையும் தட்டிவிட்டு மூடியைத் தூக்கினாள்.

உள்ளே, தொட்டுத் தொட்டு விலக வேண்டிய அந்த இரண்டு பாயின்ட்டுகளுக்கும் நடுவில், நகத்தளவு சிவப்புக் காகிதம் ஒன்று சிக்கியிருந்தது. சூட்டில் பசை இளகி, குலுக்கலில் நழுவி, சரியாகப் போய் அந்த இடுக்கில் உட்கார்ந்திருந்தது. ருக்மணி அதை நகத்தால் கிள்ளி எடுத்து அண்ணாச்சியின் உள்ளங்கையில் வைத்தாள். அதன் மேல் பால்பாயின்ட் பேனாவில் ஒரு டிக் இருந்தது.

  அண்ணாச்சி பூதக்கண்ணாடியை எடுத்தார். அம்பைப் பார்த்தார், டிக்கைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சுருளை எடுத்து, ஒரு புதிய அம்பை உரித்து, தன் சொந்த நெஞ்சில், அந்தப் பையின் மேலேயே ஒட்டிக்கொண்டார். கண்ணில் படுகிற இடம். மேஜர்.

“அண்ணாச்சி, அந்தத் துணியைக் குடுங்க,” என்றார்.

செக்கிங் கை மென்டிங்கில் பட்டதை அன்றுதான் பார்த்தேன். இவ்வளவு விறைப்பாக இருந்த மனிதர், பிரமாதமாகச் செய்வார் என்று நினைத்தேன். அப்படியெல்லாம் இல்லை.  பெட்ரோலில் துணியை நனைக்கிறேன் என்று சட்டையை நனைத்துக்கொண்டார். கழன்ற கிளிப் ஒன்றை இரண்டு முறை மண்ணில் போட்டார். இரண்டு முறையும் நான்தான் தேடி எடுத்தேன். ஆனாலும் பாயின்ட்டில் ஒட்டியிருந்த பசையைத் துளி விடாமல் துடைத்தார். பிறகு யாரும் சொல்லாமலே, இன்ஜினில் இருந்த அம்புகளை ஒவ்வொன்றாக உரிக்க ஆரம்பித்தார். பிறகு கதவில், ஜன்னலில், ஆஷ்ட்ரேயில். மாதக்கணக்காக அவர் கண்டுபிடித்த குறைகள் அத்தனையும் ரோட்டோரத்தில் சிறு சிவப்புக் குவியலாகக் கிடந்தன. நான் எண்ணவில்லை.

தூரத்து வளைவில் டிராக்டர் தெரிந்தது. மச்சான் டிரைவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கயிற்றை மாலை போலத் தோளில் போட்டிருந்தார்.

“சுத்துங்க,” என்றாள் ருக்மணி.

சுற்றினேன். ஒன்றுமில்லை. மறுபடி சுற்றினேன். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. மூன்றாம் சுற்றில் அண்ணாச்சியும் என் கை மேல் கையை வைத்து அழுத்தினார். இன்ஜின் பிடித்துக்கொண்டது. நாங்கள் இருவரும் ஏறி உட்காரக்கூட ருக்மணி சரியாக நேரம் தரவில்லை. மச்சானையும் டிராக்டரையும் கடக்கும்போது அவள் அண்ணனைப் பார்த்துத் தலையை மட்டும் லேசாக ஆட்டினாள். அவர் கயிறோடு எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மச்சான் வீட்டுத் தெருவுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். ருக்மணி ஸ்டியரிங்கை ஒடித்தாள். ஹாரன் அலறியது. தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது.

டிராக்டர் பின்னால் வந்து சேர்ந்தது. மச்சான் இறங்கிக் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன்மூடியைத் தொட்டுப் பார்த்துச் சூட்டில் கையை இழுத்துக்கொண்டார். “சொந்த ஓட்டந்தான்,” என்றார். பிறகு தங்கையிடம், “வெச்சுக்க கண்ணு. ஓட்டல்காரன வேற தொட்டி பாத்துக்கச் சொல்றேன்,” என்றார். ருக்மணி மாவிளக்குத் தட்டை எடுப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மச்சானின் கண் அண்ணாச்சியின் மேல் விழுந்தது. “ஏனுங்க, சட்டைல என்னமோ செவப்பா ஒட்டியிருக்குதுங்களே.”

“இருக்கட்டும்,” என்றார் அண்ணாச்சி. “அது சரியான எடத்துலதான் ஒட்டியிருக்கு.”

இதோடு என் தொல்லை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த ஞாயிறு அண்ணாச்சி வழக்கம் போல வந்தார். காரைச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், கண்ணாடி வைத்துப் பார்த்தார். மிச்சமிருந்த குறைகளையும் அந்த வாரமே நான் தீர்த்திருந்ததால் எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஹாரனைக்கூட நான் சரிசெய்துவிட்டிருந்தேன். மரநிழலில் சிறிது நேரம் உட்கார்ந்தார். “மைனர்கூட ஒண்ணும் இல்லையே அண்ணாச்சி,” என்று சொல்லிவிட்டு, முறுக்கைத் தொடாமல் எழுந்து போனார். அதற்கடுத்த ஞாயிறு வரவில்லை. டீக்கடையில் விசாரித்தேன். ஞாயிறானால் பகல் முழுக்க அறையில் படுத்துக் கிடப்பதாகச் சொன்னார்கள். வடையில் அம்பு ஒட்டியும் நாளாயிற்றாம்.

எனக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். நாற்காலி காலியாக இருந்தது. முறுக்கு எண்ணி வைத்தது வைத்தபடி இருந்தது. அதுவே ஓர் எரிச்சல்.

மூன்றாவது ஞாயிறு காலையில் ருக்மணி குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய் பேட்டரி ஒயரை ஒரு திருகு தளர்த்திவிட்டேன். பிறகு தெருக்கோடிக்குப் போய் அவர் கதவைத் தட்டினேன்.

“வண்டி கெளம்ப மாட்டேங்குதுங்க அண்ணாச்சி. ஒண்ணும் புரியலைங்க.”

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, பையைத் தடவிப் பார்த்தார். சுருள் இருந்தது. எனக்கு முன்னால் நடந்தார். முன்மூடியைத் திறந்து உள்ளே தலையை விட்டார். பேட்டரியை விட்டுவிட்டு, பெட்ரோல் பம்பில் ஓர் அம்பு ஒட்டினார். பிறகு கார்புரேட்டரில் ஒன்று. பிறகு, சம்பந்தமே இல்லாமல், ஆஷ்ட்ரேயில் ஒன்று.

“நெறைய வேலை இருக்கும் போலிருக்கே அண்ணாச்சி,” என்றார். “இன்னிக்கு முடியாது.”

ஜன்னலில் ருக்மணி ஈரத்தலையோடு நின்று என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்பேனர் இன்னும் என் கையில்தான் இருந்தது. அதை வேட்டி மடிப்புக்குள் செருகிக்கொண்டு, நாற்காலியை எடுத்து நிழலில் போட்டேன்.

“ஒண்ணும் அவசரமில்லீங்க அண்ணாச்சி,” என்றேன். “பொறுமையாத் தேடுங்க.”